பூந்தமல்லிக்கு மறதி படிக்கப் போனேன்

சென்னை விமான நிலையத்தில் என் கடவுச்சீட்டைப் புரட்டிய அதிகாரி, "என்ன வேலையா வந்திருக்கீங்க?" என்று கேட்டார்.

"ஒரு பயிற்சிக்கு. மறதி நோய் பற்றி."

முத்திரையைக் கையில் பிடித்தபடி அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "எங்க அப்பாவுக்கு இருக்குங்க," என்றார். பிறகு முத்திரையைக் குத்திவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அந்த நாட்டில் என்னிடம் பேசிய முதல் மனிதர் அவர்தான்.

நான் வவுனியாவில் சமூக சேவை உத்தியோகத்தர். தம்மைத் தாமே காத்துக்கொள்ள முடியாத பெரியவர்களுக்கு வீட்டிலோ விடுதியிலோ ஏதும் கொடுமை நடக்கிறது என்று தகவல் வந்தால் போய்ப் பார்ப்பது என் வேலை. அடி, பட்டினி, அறையில் பூட்டி வைத்தல், கைநாட்டு வாங்கிக்கொண்டு கைவிடுதல் எல்லாம் பார்த்தாயிற்று. ஆனால் மறதி நோய் உள்ளவர் சொல்கிற முறைப்பாட்டில், அதாவது புகாரில், எதை எடுப்பது, எதை விடுவது என்று எங்கள் அலுவலகத்தில் யாருக்கும் தெளிவில்லை. பூந்தமல்லியில் ஒரு தொண்டு நிறுவனம் எங்களைப் போன்றவர்களுக்கென்றே ஒரு வாரப் பயிற்சி நடத்துகிறது என்று தெரிந்ததும் மேலதிகாரி என் பெயரை அனுப்பிவிட்டார். இந்தியாவுக்கு நான் வந்தது அதுவே முதல் தடவை.

குமணன்சாவடியில் ஒரு மகளிர் விடுதியில் அறை. சன்னலைத் திறந்தால் பெங்களூர் சாலை. எங்கள் ஊரில் பேருந்து ஹார்ன் அடித்தால் யாரோ தெரிந்தவர் ஏற வேண்டியிருக்கிறது என்று அர்த்தம். இங்கே அதற்கு அர்த்தம் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. சன்னலை மூடினேன். வெக்கை தாங்காமல் மறுபடி திறந்தேன். அந்த வாரம் முழுக்க இதையே செய்துகொண்டிருந்தேன்.

காலையில் விடுதிக்குக் கீழே இருந்த மெஸ்ஸில், "இடியப்பம் இருக்குதோ தம்பி?" என்று கேட்டேன். பரிமாறியவர் ஒரு கணம் யோசித்தார்.

"கேரளாவாக்கா?"

"இல்லை, இலங்கை."

"அப்படியா? ஆனா தமிழ் நல்லாப் பேசுறீங்களே."

நன்றி சொன்னேன். இடியப்பம் இல்லை. பொங்கல் வந்தது. நெய்யில் மினுங்கிய அந்தப் பொங்கலைச் சாப்பிட்டவர்கள் எப்படி எழுந்து வேலைக்குப் போகிறார்கள் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. நான் பயிற்சியின் முதல் அமர்வில் கண்ணைத் திறந்து வைத்திருக்கவே பாடுபட்டேன்.

பயிற்சி நடந்தது ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில். கீழே யாருக்கோ நிச்சயதார்த்தம். மறதி நோயில் மூளை எப்படிச் சுருங்குகிறது என்று படம் போட்டுக் காட்டும்போது கீழேயிருந்து நாதசுரம் வந்தது. பயிற்சி கொடுத்த பிரேமா மேடம் மனநல மருத்துவமனையில் நீண்ட காலம் செவிலியராக வேலை பார்த்தவர். குரலை உயர்த்தவே இல்லை. நாதசுரம் ஓயும்வரை காத்திருந்து, விட்ட இடத்தில் தொடங்குவார். அவரை நான் "தாதி" என்று குறிப்பிட்டபோது கூடத்தில் சிரிப்பு எழுந்தது. எங்கள் நாட்டில் மருத்துவமனைச் செவிலியருக்கு அதுதான் பெயர்; இங்கே அது ராஜா ராணி கதையில் வருகிற சொல்லாம்.

முதியோர் இல்லப் பொறுப்பாளர்கள், உதவித் தொலைபேசியில் வேலை செய்பவர்கள், சமூக நலத்துறைக்காரர்கள் என்று கலவையான கூட்டம். எனக்குச் சோடியாக வாய்த்தவர் செல்வி, ஒரு மகளிர் காவல் நிலையத்தில் தலைமைக் காவலர். அம்பத்தூரில் பிறந்து வளர்ந்தவர். நல்ல உயரம். அவர் பேசியதில் முதல் நாள் பாதிதான் எனக்குப் புரிந்தது. நான் பேசியதில் அவருக்கும் அப்படித்தான்.

பிற்பகலில் ஒரு பயிற்சி. கைக்குத் தடித்த உறை. வாஸ்லின் களிம்பு பூசிய மூக்குக்கண்ணாடி. காதில் பாட்டும் இரைச்சலும் கலந்து ஓடும் கருவி. இந்தக் கோலத்தில் ஒரு சட்டையைப் போட்டுப் பொத்தான் மாட்ட வேண்டும். பக்கத்தில் நிற்பவர், "சீக்கிரம், சீக்கிரம், இதுகூடத் தெரியாதா?" என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். செல்வி போட்டுக்கொள்ள, நான் சொல்லிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"இன்னா மேடம் இது. இந்தக்கா இன்னும் ஒருவாட்டி சீக்கிரம்னு சொன்னா அடிச்சிடுவேன் போல கீது."

"நோயாளிங்களும் அதனாலதான் அடிக்கிறாங்க," என்றார் பிரேமா மேடம்.

இரண்டாம் நாள் காலை, மண்டபத்துக்குப் போகத் தவறான பேருந்தில் ஏறிவிட்டேன். பூந்தமல்லி என்று கேட்டுத்தான் ஏறினேன். ஆனால் அந்த வண்டி பூந்தமல்லியிலிருந்து வருகிறது, போகவில்லை. நடத்துநர் டிக்கெட் கிழிக்க வந்தபோது மாங்காடு நெருங்கியிருந்தது. "நீ கேக்கறது ஒண்ணு, பஸ்ஸு போறது ஒண்ணுமா," என்று கோபமில்லாமல் சொல்லி, கோயில் பக்கத்தில் இறக்கிவிட்டார். காமாட்சி அம்மன் கோயில் வாசலில் எலுமிச்சம்பழத்தோடு பெண்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். வந்ததுதான் வந்தோம் என்று நானும் வெளியிலிருந்தே ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஷேர் ஆட்டோவைத் தேடினேன். அதில் என் மடியில் முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் பூக்கூடை இருந்தது. இறங்கும்போது கொஞ்சம் கதம்பம் கிள்ளிக் கொடுத்தார். தலையில் வைத்துக்கொண்டு பிந்திப் போய் வகுப்பில் உட்கார்ந்தேன்.

அன்றைய பாடம் முறைப்பாடு பற்றியது. பிரேமா மேடம் சொன்னது சுருக்கமாக இதுதான்: மறதி நோய் உள்ளவர் சொல்வது எல்லாம் உண்மை என்று எடுக்காதீர்கள், எல்லாம் நோய் என்றும் தள்ளாதீர்கள். அவர் நாளையும் இடத்தையும் ஆளையும் மாற்றிச் சொல்லலாம். ஆனால் வலியையும் பசியையும் பயத்தையும் அவர் உடம்பு மறப்பதில்லை. அவர் பேச்சைக் கேட்டுவிட்டு அவர் உடம்பைப் பாருங்கள்.

"பக்கத்துல இருக்கறவங்க 'அவர் எப்பவுமே இப்படித்தான் சொல்லுவார்'னு சொன்னா, அங்கதான் நீங்க கொஞ்சம் நிக்கணும்," என்றார்.

மூன்றாம் நாள் வீடுகளுக்கு அனுப்பினார்கள். ஆலோசனை கேட்டுத் தாங்களாகவே பெயர் கொடுத்திருந்த குடும்பங்கள். எனக்கும் செல்விக்கும் பாரிவாக்கத்தில் ஒரு அடுக்குமாடி வீடு கிடைத்தது. செல்வி சுடிதாரில் வந்திருந்தார். சுற்றிலும் புதுக் கட்டடங்கள், நடுவில் இன்னும் விற்காத காலி மனைகளில் மாடுகள். மாடுகளைப் பார்த்ததும் எனக்கு ஊர் வந்ததுபோல் இருந்தது.

வீட்டுப் பெரியவர் பெயர் சுடலைமுத்து. திருநெல்வேலிப் பக்கம். ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்து, குவார்ட்டர்ஸில் குடியிருந்து, ஓய்வுபெற்றதும் மகனோடு வந்துவிட்டார். மனைவி இல்லை. மகனும் மருமகள் ரம்யாவும் கணினி நிறுவனத்தில் வேலை. மகன் அலுவலகம் போகிறார். ரம்யா வீட்டிலேயே ஒரு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்கிறார். பகலில் பெரியவரைப் பார்த்துக்கொள்ள கஸ்தூரி என்று ஒரு பெண் வருகிறார். ஐம்பது வயதிருக்கும், மெலிந்த உடம்பு.

நாங்கள் போனபோது அவர் கட்டிலில் சாய்ந்திருந்தார். அகலமான தோள், கனத்த உடம்பு. சட்டை துவைத்துப் போட்டது. தலை வாரியிருந்தது. கட்டில் விரிப்பில் சுருக்கமில்லை. நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"வணக்கம் ஐயா," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். "தாகமா இருக்கு," என்றார். "தண்ணி தர மாட்டேங்கா. எல்லார்ட்டயும் சொல்லுதேன். ஒருத்தரும் கேக்க மாட்டேங்காவ."

ரம்யா சங்கடத்தோடு சிரித்தார். "இதேதான் மேடம், நாள் பூரா. இப்பதான் காபி குடிச்சார். குடிச்சதே ஞாபகம் இருக்காது. ரெண்டு மாசமா ரொம்ப அதிகமாயிடுச்சு. பகல்லயே தூங்குறார், பேர் குழப்புறார். அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டோம். இதை எப்படி நிறுத்துறது?"

"எப்பவுமே இப்படித்தான் சொல்லுவாருங்க," என்றார் கஸ்தூரி.

நானும் செல்வியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

செல்வி எழுந்து சமையலறைக்குப் போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டு வந்தார். பெரியவர் இரண்டு கையாலும் அதை வாங்கினார். அண்ணாந்து குடிக்கத் தொடங்கியவர் நிறுத்தவில்லை. தொண்டை ஏறி இறங்குவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். செம்பைக் கீழே வைக்காமல், "இன்னும் கொஞ்சம்," என்றார்.

"போதும் தாத்தா," என்று கஸ்தூரி எழுந்தார். "அப்புறம் ஈரம் பண்ணிடுவாரு மேடம்."

தான் என்ன சொன்னோம் என்பது கஸ்தூரிக்கு உடனே விளங்கிவிட்டது. புடவைத் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு சுவரோடு நின்றார்.

நான் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து, "ஐயா, நாக்கை ஒருக்கா நீட்டுங்கோ," என்றேன். வறண்டு, நடுவில் வெடித்துப் போயிருந்தது. உதட்டோரத்தில் வெள்ளையாகப் படிந்திருந்தது. விரிப்பு சுத்தமாக இருந்தாலும் கட்டிலருகே சிறுநீர் வாடை கனமாக இருந்தது. ஊரில் இதைப் பார்த்திருந்தால் அடுத்து என்ன செய்வது என்று எனக்குத் தெரியும். இங்கே நான் விசாவில் பயிற்சிக்கு வந்தவள். யாரைக் கேட்க எனக்கு என்ன உரிமை என்ற தயக்கம் ஒரு பக்கம். செல்விக்கு அந்தத் தயக்கம் இல்லை. என்னைப் படிக்கட்டுப் பக்கம் இழுத்துப் போனார்.

"அந்தம்மாவ ஸ்டேஷனுக்கு இட்டுகினு போறேன்க்கா. வயசானவருக்குத் தண்ணி குடுக்காம போட்டு வச்சிகீது. பாவம்னு பாத்தா நாளைக்கு வேற ஊட்டுக்குப் போயி இதையேதான் பண்ணும்."

"முதல் அவரை டொக்டரிட்டக் கொண்டுபோக வேணும்," என்றேன். "பிறகு மேடத்துக்குச் சொல்லுவம். ஏன் குடுக்கேல்லை எண்டு அவவையும் கேக்க வேணும்."

"ஏன்னு இன்னா கேக்கறது?"

"தெரியாமல்தானே கேக்கிறம்."

செல்வி கைப்பிடிச் சுவரில் சாய்ந்தார். பிறகு கைபேசியை எடுத்து பிரேமா மேடத்தைக் கூப்பிட்டார்.

மேடம் ஆட்டோ பிடித்து வருவதற்குள் ரம்யா கணவருக்குச் சொல்லி அவரும் கிளம்பிவிட்டார். பக்கத்து மருத்துவமனையில் பெரியவரைப் பார்த்த டாக்டர், உடம்பில் நீர் வற்றிப்போய், சிறுநீரில் கிருமித் தொற்றும் இருக்கிறது என்றார். பகல் தூக்கமும் அதிகக் குழப்பமும் நோய் முற்றியதால் வந்தவை அல்ல, பெரும்பாலும் இதனால் வந்தவை. இந்த வெயிலில் இன்னும் கொஞ்சம் நாள் போயிருந்தால் சிறுநீரகம் தாங்கியிருக்காது என்றார். அவருக்கு ஊசிவழி நீர் ஏற்றினார்கள். மகன் பக்கத்தில் அப்பாவின் காலைப் பிடித்தபடி இருந்தார்.

அவர்களை அங்கே விட்டு, நாங்கள் ரம்யாவோடு திரும்பி வந்து வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தோம். பிரேமா மேடம் கஸ்தூரியை நாற்காலியில் உட்காரச் சொன்னார். அவர் மாட்டேன் என்றார். மேடமும் எழுந்து நின்றுகொண்டார். அதன் பிறகுதான் கஸ்தூரி உட்கார்ந்தார்.

"சொல்லும்மா. என்ன நடந்தது?"

"நான் அவர அடிச்சதில்ல மேடம். ஒரு நாளு கூட கை ஓங்குனது இல்ல."

"தெரியுது. தண்ணி?"

"தண்ணி குட்சா பாத்ரூம் போவணும். பாத்ரூம் போவணும்னா தூக்கணும். அவுரு உடம்ப பாத்தீங்க, என் உடம்பயும் பாருங்க. வெயில் காலம் ஆரம்பிக்கறப்போ ஒருநாள் தூக்கினு போறப்போ ரெண்டு பேருமே வுழுந்துட்டோம். அவுரு மேல நானு. மண்ட தரையில பட்டிருந்தா நான் இன்னைக்கு எங்க இருப்பேன்? அன்னைக்கு ரம்யாம்மா கத்துனாங்க, இனிமே வுழுந்தா சும்மா இருக்க மாட்டேன்னு. அதுலேர்ந்துதான் மதியத்துக்கு மேல கொஞ்சம் கொஞ்சமா குடுக்கறது. சாயங்காலம் அண்ணன் வந்துட்டா குடுத்துருவேன். அவருக்கு இப்படி ஆவும்னு எனக்குத் தெரியாது மேடம்."

ரம்யா தன் அறைக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் அதுக்குப் பின்னாடிதான் இருந்தேன்," என்றார். "ஹெட்ஃபோன் போட்டிருப்பேன். மீட்டிங் முடிஞ்சு வெளிய வர்றப்பல்லாம் தண்ணி கேப்பார். இப்பதானே குடிச்சீங்க மாமான்னு சொல்லிட்டுத் திரும்ப உள்ள போயிடுவேன். ஒரு நாள் கத்தியிருக்கேன். ரெண்டு மாசமா அவர் உண்மையைத்தான் சொல்லிட்டிருந்திருக்கார்."

யாரும் அவரைத் தேற்றவில்லை. பிரேமா மேடம் மட்டும் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த நாள் பிற்பகல் பெரியவர் வீடு திரும்பியதும் நாங்களும் போனோம். கஸ்தூரியை நிறுத்திவிடலாம் என்றுதான் மகன் சொன்னார். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. கண்கள் சிவந்திருந்தன. "அப்பாவையும் ஒரு வார்த்தை கேளுங்களேன்," என்றார் பிரேமா மேடம். அப்பாவுக்கு என்ன தெரியும் என்றார் மகன். மேடம் கட்டிலருகே ஸ்டூலைப் போட்டு, பெரியவர் கண்ணுக்கு நேராக உட்கார்ந்து, "ஐயா, கஸ்தூரி எப்படி? உங்களை நல்லாப் பாத்துக்குதா?" என்று கேட்டார்.

பெரியவர் யோசித்தார். நீர் ஏறிய முகத்தில் தெளிவு வந்திருந்தது.

"நல்ல புள்ளதான்," என்றார். "தண்ணிதான் தர மாட்டா."

கதவோரம் நின்ற கஸ்தூரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். மகன் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மேடத்திடம், "அப்போ என்ன செய்யலாம்?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் சாதாரண வேலைகள். கட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து போக ஒரு கழிப்பறை நாற்காலி வாங்கினார்கள். இடுப்பில் பட்டை கட்டி, தூக்காமல், அவரையே முன்னால் சாயவைத்து எழுப்புவது எப்படி என்று மேடம் கற்றுக்கொடுத்தார். முதலில் செல்வியைக் கட்டிலில் உட்காரவைத்துக் கஸ்தூரி எழுப்பிப் பார்த்தார். "இவ்ளோதானா?" என்று கஸ்தூரி கேட்டார். ரம்யாவும் கற்றுக்கொண்டார். பகலில் இரண்டு பேர் சேர்ந்துதான் அவரை எழுப்ப வேண்டும், அதற்காக ரம்யா வேலைக்கு நடுவே வெளியே வரவேண்டும் என்று பேசி முடிவானது. நடந்ததை செல்வி தன் நிலையத்தில் சொல்லி வைத்தார். மேடம் தொண்டு நிறுவனத்தின் வழியாக மாதாமாதம் ஆள் அனுப்புவதாகச் சொன்னார். கஸ்தூரி அதற்கெல்லாம் தலையாட்டினார்.

அன்று மாலை செல்வி என்னைப் பூந்தமல்லியில் பிரியாணி சாப்பிடக் கூட்டிப்போனார். கடை வாசலில் அண்டாவைத் திறக்கும்போதே பாதிப் பசி போய்விடும் அளவு வாசனை. எங்கள் ஊர்ப் புரியாணியில் முந்திரியும் உலர்திராட்சையும் இருக்கும் என்றேன். "அது கேசரிக்கா," என்றார். கத்தரிக்காய்த் தொக்கை என் தட்டில் தள்ளிவிட்டார்.

"நேத்து நான் சொன்னபடி இட்டுகினு போயிருந்தா, அந்தம்மா இன்னேரம் உள்ள இருந்திருக்கும். இவரு ஊட்டுல வேற ஒருத்தி வந்து அதே மாதிரி தூக்க முடியாம நின்னுகினு இருந்திருப்பா," என்றார்.

"நீர் இல்லாட்டி நான் வாயே திறந்திருக்க மாட்டன்," என்றேன். அது உண்மை. தண்ணீர்ச் செம்பை எடுத்து வந்தவர் அவர்தான்.

"அது இன்னாக்கா நீர்?"

"உம்மை மாதிரி ஆக்களைக் கூப்பிடுறது. 'நீங்கள்'க்கும் 'நீ'க்கும் நடுவில."

"நல்லா கீது," என்று சொல்லி, அதன் பிறகு நாங்கள் பிரியும்வரை என்னை "நீர்" என்றே கூப்பிட்டார்.

கடைசி நாள் பயிற்சி மத்தியானத்தோடு முடிந்தது. என் விமானம் மாலையில். போகும் வழிதான் என்று நானும் செல்வியும் பாரிவாக்கம் போனோம். உண்மையில் அது போகும் வழி இல்லை.

பெரியவர் சன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கட்டிலில் அல்ல. மடியில் செய்தித்தாள். பக்கத்தில் சின்ன மேசையில் மூடி போட்ட செம்பும் டம்ளரும். எங்களைப் பார்த்ததும், "வாங்க, வாங்க. எந்த ஊரு?" என்றார். சொன்னேன். "அது எங்க இருக்கு?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் குரலைத் தாழ்த்தினார்.

"தண்ணி தர மாட்டேங்கா."

கஸ்தூரி சமையலறையிலிருந்து ஓடி வந்தார். முகம் வெளுத்திருந்தது. "இப்பதான் மேடம் குடுத்தேன். சத்தியமா. டம்ளர பாருங்க, ஈரம் கீது."

செல்வி டம்ளரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் என்ன செய்வதென்று யோசிப்பதற்குள் அறைக் கதவு திறந்தது. ரம்யா கழுத்தில் ஹெட்ஃபோனோடு வெளியே வந்தார். எங்களைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு நேரே மாமனாரிடம் போனார்.

"மாமா, நாக்கை நீட்டுங்க."

அவர் நீட்டினார். சிவப்பாக, ஈரமாக இருந்தது. ரம்யா கஸ்தூரி பக்கம் திரும்பி, "குடிச்சிருக்கார்," என்றார். கஸ்தூரி மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. "இப்பதானே குடிச்சீங்க" என்று ரம்யா சொல்லவில்லை. செம்பைச் சாய்த்து டம்ளரில் பாதியளவு ஊற்றி மாமனார் கையில் கொடுத்தார்.

அவர் அண்ணாந்து ஒரே ஒரு வாய் குடித்தார். போதும் போல இருந்தது. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்து, கஸ்தூரியிடம் நீட்டினார்.

"நீ குடி, புள்ள. வெயிலு."

கஸ்தூரி ரம்யாவைப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் வாங்கி, நின்றபடியே அண்ணாந்து முழுவதையும் குடித்தார்.